மணல் கொதித்த முப்பது நாள்

நான்கு வருடமாக என் மனைவி கெர்ட்ரூட் கோயில் வாசலில் நின்று ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது, "ஒங்க வீட்டுக்காரர் இப்ப எங்க வேல?" என்று கேட்டால், "பாசிர் கூடாங் பக்கம், எனர்ஜி பிளான்ட்ல" என்பாள். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். நான் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். பூசை முடிந்த கையோடு சண்டை போடக் கூடாது என்பதால் வீட்டுக்கு வந்து போடுவேன்.

"எனர்ஜி பிளான்ட்னா என்னாடி?"

"பின்ன என்னான்னு சொல்றது? கக்கூஸ் தண்ணிய எரிக்கிறாருன்னா சொல்றது?"

தண்ணீரை யாரும் எரிப்பதில்லை என்று அவளுக்கு நான் விளக்க முயன்று பலமுறை தோற்றிருக்கிறேன். உங்களுக்காவது ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வீடு கழிப்பறையிலிருந்து போகிற கழிவுநீரைச் சுத்திகரித்தால் கடைசியில் கறுப்பாகச் சேறு தங்கும். அதைச் சுழலும் இயந்திரத்தில் போட்டுத் தண்ணீரைப் பிழிந்தால், ஈரத் தௌஃபு, அதாவது சோயாக் கட்டி மாதிரி உதிர்ந்து வரும். எங்கள் தொழிலில் அதற்குக் கேக் என்று பெயர். எந்தப் புண்ணியவான் வைத்தானோ, அதற்குப் பிறகு என் பேத்தியின் பிறந்தநாளுக்குக்கூட நான் கேக் சாப்பிட்டதில்லை.

அந்தக் கேக்கைத்தான் எரிக்கிறோம். மூன்று மாடி உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை, அதன் அடியில் இடுப்பளவுக்கு மணல். மணலுக்குக் கீழே நூற்றுக்கணக்கான சின்னக் குழாய்கள் வழியாகக் காற்றை ஊதினால் மணல் எழும்பி, பெரிய பானையில் சோறு கொதிப்பது மாதிரி கொதிக்கும். சூடு எண்ணூறு டிகிரி. கேக் உள்ளே விழுந்ததும் மணல் அதைப் பிய்த்து, காயவைத்து, கண்மூடித் திறப்பதற்குள் எரித்துவிடும். கேக் நன்றாகப் பிழிந்து வந்தால் அது தன் சூட்டிலேயே எரியும், டீசல் ஒரு சொட்டு வேண்டாம். ஈரம் கூடினால் மட்டும் மணல் ஆறிப் போகாமல் இருக்க பர்னரைப் பற்றவைப்போம். லோரி லோரியாக உள்ளே போவது, சாம்பலாகச் சில பைகளில் வெளியே வரும். புகைபோக்கிக்குக் கீழே நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள், ஒரு நாற்றமும் இருக்காது. எனக்கு அதில் பெருமை உண்டு, அதை மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

என் பெயர் மரியநாதன், வயது ஐம்பத்து மூன்று, வீடு ஜோகூரில் மாசாய். பாமாயில் ஆலையில் இருபத்தொரு வருடம் பாய்லர் ஓட்டியவன். உலையின் சத்தத்தை வைத்தே அதன் உடம்புக்கு என்ன என்று சொல்லிவிடுவேன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அந்த வாயால்தான் எல்லாம் ஆரம்பித்தது. இந்த எரிப்பு ஆலையைக் கட்டிக் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி, இன்னும் இரண்டு வருடத்துக்குத் தங்கள் ஆட்களே உலையை ஓட்டுவார்கள் என்று மீட்டிங்கில் சொன்னது. உள்ளூர் ஆட்களுக்கு அனுபவம் போதாதாம். அதுவரை நாங்கள் தரை கழுவலாம், மூட்டை தூக்கலாம், பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மேசையில் ஒரு தட்டுத் தட்டி, "முப்பது நாள் எங்க கையில குடுங்க. நிக்காம ஓட்டிக் காட்டுறோம். முடியலன்னா நானே தொடப்பத்த எடுக்குறேன்" என்றேன்.

சொன்னதை அப்படியே எழுத்தில் போட்டுவிட்டார்கள். முப்பது நாள் உள்ளூர் ஆட்கள் மட்டும் ஓட்ட வேண்டும். உலைக்குள் கேக் போவது ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நிற்கக் கூடாது. கடைசி நாள், இவர்களிடம் உலையைக் கொடுக்கலாம் என்று அவர்களுடைய என்ஜினியர் ஒகாடா கையெழுத்துப் போட வேண்டும். ஒகாடா ஜப்பான்காரர், அறுபதை நெருங்கியவர், ரொட்டி சானாயைச் சீனி தொட்டுச் சாப்பிடுபவர். உலையைத் திரையில் பார்த்து ஓட்டுகிற பேனல் அறையின் மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கேட்டாலொழிய வாயைத் திறக்கக் கூடாது என்பது அவருக்கான விதி.

தலைமை ஆப்பரேட்டராக நின்ற என் பக்கம் இரண்டு முக்கியமான ஆட்கள். பேனலில் சாந்தினி, பொந்தியான் ஊர்ப் பெண், இருபத்தாறு வயது. திரையில் முப்பது எண்கள் ஓடினால் முப்பதையும் ஒரே பார்வையில் படிப்பாள். கருவிகளுக்கு மூர்த்தி, சிகாமட்காரன், நாற்பது வயது. ஸ்குரூ டிரைவரைக்கூட கீழே போடாமல் மேசையில் மெதுவாக வைப்பவன்.

முதல் பதினெட்டு நாள் உலை தாலாட்டுப் பாடுவது மாதிரி ஓடியது. பத்தொன்பதாம் நாள் ஆயுத பூசை.

மூர்த்தி முதல் நாளே வந்து அனுமதி கேட்டான். ஒர்க் ஷாப்பில் ஒரு மேசையைக் கழுவி, வெள்ளைத் துணி விரித்து, ஸ்பானர், மீட்டர் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினான். பர்னரின் ஃபிளேம் ஸ்கேனரும் அந்த மேசைக்கு வந்தது. பர்னரில் தீ எரிகிறதா என்று பார்த்துச் சொல்கிற சின்னக் குழல் அது, முனையில் விரல் நகம் அகலத்துக்குக் கண்ணாடி. மாதத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைக்க வேண்டும், அன்றைக்கு அதன் முறை. பர்னருக்கோ பதினெட்டு நாளாக வேலையே இல்லை.

தேங்காய் உடைத்து, பொரியும் கடலையும் கொடுத்து, ஒகாடாவின் ஹெல்மெட்டுக்குக்கூட ஒரு பொட்டு வைத்தான் மூர்த்தி. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி அதை மோந்து பார்த்து, சந்தனமா என்று கேட்டார். பிறகு மூர்த்தி கிண்ணத்தை என்னிடம் நீட்டினான்.

"அண்ணே, நீங்கதான் இங்க மூத்தவங்க. கையால ஒன்னு வைங்க. அப்பத்தான் எங்களுக்கு முழுசா இருக்கும்."

"நான் சாம்பல் புதன்ல ஃபாதர்கிட்ட நெத்திய நீட்டுற ஆளு மூர்த்தி. வெச்சுப் பழக்கமில்ல."

"பழக்கம் என்னாண்ணே இதுல. வைங்க லா."

ஆசையாகக் கேட்கிறான். சந்தனத்தைத் தொட்டு, குங்குமத்தையும் தொட்டு, மேசையில் கைக்கு எட்டியதற்கு ஒரு பொட்டு வைத்தேன். மூர்த்தியின் முகம் மலர்ந்தது. எல்லோரும் பொரி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனோம்.

"பூசைல வெச்சத இன்னைக்குத் தொடக் கூடாதுண்ணே. நாளைக்குக் காலைல ஸ்கேனர மாட்டிடுறேன்" என்றான். சரி என்றேன். மறுநாள் காலை ஏணியில் ஏறும்போது, "மாட்டுறதுக்கு முன்னால லைட்டர காட்டி டெஸ்ட் பண்ணிடலாமாண்ணே?" என்று கேட்டான். எனக்கு அப்போது போனில் வேறு ஒரு தொல்லை. "நேத்துத்தான தொடச்ச? மாட்டு" என்றேன். அவன் அதற்கு மேல் பார்க்காமல் மாட்டினான். நான் படிவத்தில் சோதித்தாயிற்று என்ற கட்டத்தில் டிக் போட்டு என் கையெழுத்தையும் போட்டேன்.

இருபத்தைந்தாம் நாள் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, மூன்று நாள் விடாமல் ஊற்றியது. சேற்றுத் தொட்டியில் மழைநீர் இறங்கி, பிழிகிற இயந்திரம் திணறி, தௌஃபு மாதிரி வர வேண்டிய கேக் இருபத்தேழாம் நாள் மதியம் கஞ்சி மாதிரி வந்தது. ஈரத்தைக் காயவைக்கவே மணலின் சூடு போய்க்கொண்டிருந்தது.

"அங்கிள், எழுநூத்தி எழுபது. எறங்குது" என்றாள் சாந்தினி.

"பர்னர போடு."

போட்டாள். மேலே பர்னர் உறுமுகிற சத்தம் எனக்கே கேட்டது. ஐந்து விநாடியில் அணைந்தது. திரையில் சிவப்பாக, தீ இல்லை என்று வந்தது. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு பர்னர் தன்னைப் பூட்டிக்கொண்டது. எழுநூறுக்குக் கீழே இறங்கியதும் உலை கேக்கை வாங்க மறுத்துத் தானாகவே கதவை அடைத்தது. மணி மூன்று பன்னிரண்டு. பேனலில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் ஆனால் முப்பது நாளும் போச்சு.

பயம் வந்தால் நான் கத்துகிற ஆள். டீசல் கொண்டுவந்தவனைத் திட்டினேன், பர்னர் செய்தவனைத் திட்டினேன், மழையையும் விடவில்லை. மூர்த்தி நனைந்துகொண்டே ஓடி டீசல் ஃபில்டரைத் திறந்து பார்த்தான். சுத்தமாக இருந்தது. தீப்பொறி அடிக்கிறதா என்று பார்த்தான், அடித்தது. மூலையில் ஒகாடா நாற்காலியை விட்டு எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, விதியை நினைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்படிக் கத்திக்கொண்டிருந்தால் தொடப்பம் நிச்சயம் என்று புத்தி வந்தது. நானே ஏணியேறி பர்னர் தட்டுக்குப் போனேன். பூட்டை விடுவித்து, வாக்கி டாக்கியில் சாந்தினியை இன்னொரு தடவை போடச் சொன்னேன். பார்வைத் துவாரத்தில் கண்ணை வைத்தேன். மஞ்சளாக, கொழுகொழுவென்று தீ எரிந்தது. ஐந்து விநாடி எரிந்து அணைந்தது.

தீ இருக்கிறது, இல்லை என்கிறது இயந்திரம். அப்படியானால் பார்க்கிறவனுக்குத்தான் கோளாறு.

"மூர்த்தி, ஸ்கேனர கழட்டு."

வால்வை மூடிக் கழற்றி என் கையில் கொடுத்தான். லைட்டரைப் பற்றவைத்து அதன் முன்னால் காட்டினேன்.

"சாந்தினி, சிக்னல் எவ்ளோ?"

"ஜீரோ, அங்கிள்."

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. நான்கு வருடமாக நான் அந்த இடத்தில் மூச்சு விடுகிறேன். சேறு, டீசல், சுட்ட இரும்பு, இது மூன்றும் தவிர அங்கே வேறு வாசனை கிடையாது. இது சந்தனம். ஸ்கேனரைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடியின் நட்ட நடுவில், அளவெடுத்து வைத்த மாதிரி வட்டமாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். உள்ளே சூடு பட்டு அது கெட்டியாக ஒட்டியிருந்தது.

"அலமாக். எந்த மடையன்டா இது? வெக்கிறதுக்கு வேற எடமே கெடைக்கலயா? கண்ணாடிலயா வெப்பான்? அறிவு இருக்குற எவனாவது..."

மூர்த்தி, மழைநீர் மூக்கில் வழிய, என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபமும் இல்லை, கேலியும் இல்லை, எனக்காக வருத்தப்படுகிற பார்வை அது. ஸ்கேனரின் பக்கவாட்டில் இன்னொரு பொட்டு இருந்தது, சின்னதாக, ஓரமாக, ஒன்றுக்கும் இடைஞ்சல் இல்லாமல். அது மூர்த்தி வைத்தது. மேசையில் என் கைக்கு எட்டியது எது என்று என் விரலுக்கு அப்போது ஞாபகம் வந்தது. வட்டமாகப் பளபளவென்று இருந்தது, அழகாக இருக்குமே என்று நடுவில் வைத்தேன்.

அந்த மழையில் எனக்குக் காது சுட்டது.

பேச நேரமில்லை. சட்டை நுனியால் துடைத்தேன், போகவில்லை. மூர்த்தி ஸ்பிரிட் பாட்டிலும் துணியும் நீட்டினான். தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி பளிச்சென்று ஆனதும் லைட்டரைக் காட்டினேன். "ஃபுல் சிக்னல், அங்கிள்" என்றாள் சாந்தினி. மாட்டினோம். மூன்று முப்பத்தெட்டுக்கு பர்னர் பற்றிக்கொண்டது, இந்தத் தடவை அணையவில்லை. எழுநூறு, எழுநூற்று இருபது, எழுநூற்று ஐம்பது. மூன்று ஐம்பத்தைந்துக்கு உலை கதவைத் திறந்து கேக்கை வாங்கிக்கொண்டது. மொத்தம் நாற்பத்து மூன்று நிமிடம்.

சாந்தினி கையைத் தட்டினாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு ரிப்போர்ட் எழுத வேண்டும். ஏன் நின்றது என்று ஒரு கட்டம் இருக்கிறது.

"ஸ்கேனர் கண்ணாடி அழுக்குன்னு போட்டுறட்டுமா, அங்கிள்?" என்று மெதுவாகக் கேட்டாள். அதுவும் பொய் இல்லை. அழுக்காகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய மனிதர் ஆறடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். உலையை நம்பிக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவரிடம், தலைமை ஆப்பரேட்டரே பொட்டு வைத்து உலையை நிறுத்தினான் என்று எழுதிக் கொடுப்பதா?

மூர்த்தி என் பக்கத்தில் குனிந்தான். "அண்ணே, நான் வெச்சேன்னு எழுதுங்க. பூச என்னோடது. என்னைத் திட்டிட்டு விட்டுருவாங்க. ஒங்க பேரு கெடக் கூடாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன்மேல் இல்லை. இருபத்தொரு வருடம் பாய்லர் ஓட்டி நான் சம்பாதித்த பெயர், இன்னொருத்தன் முதுகில் ஏறி நிற்கிற அளவுக்கா வந்துவிட்டது? "நீ டெஸ்ட் பண்ணலாமான்னு கேட்ட. வேணாம்னு சொன்னது நானு. வாய மூடிட்டுப் போயி தல தொவட்டு" என்றேன். கண் கலங்கியதை அவன் பார்க்காமல் இருக்கத்தான் அப்படிக் கத்தினேன்.

சாந்தினியிடமிருந்து விசைப்பலகையை வாங்கி, ஒரு விரலால் நானே தட்டினேன். ஆயுத பூசையன்று ஸ்கேனர் கண்ணாடியில் சந்தனம் வைத்தது மரியநாதன். மாட்டுமுன் சோதிக்காமல் விட்டதும் மரியநாதன். சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டதும் மரியநாதன்.

ஒகாடா அச்சடித்த தாளை நின்றுகொண்டே படித்தார், இரண்டு தடவை. தன் ஹெல்மெட்டைக் கழற்றி, அதில் இன்னும் மங்கலாக இருந்த பொட்டைப் பார்த்தார்.

"கண்டுபிடித்தது யார்? ரிப்போர்ட்டில் இல்லையே" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மூர்த்தி என்னைக் கை காட்டினான். "மூக்கால கண்டுபுடிச்சாரு" என்று சாந்தினி ஆங்கிலத்தில் சொன்னாள். ஒகாடா தலையை ஆட்டிவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று நாள் ஒரு வார்த்தை கிடையாது. அந்த மூன்று நாளில் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் பேருக்குத்தான். கெர்ட்ரூட்டிடம்கூடச் சண்டை போடவில்லை, அவள் பயந்துபோய் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

முப்பதாம் நாள் காலை பத்து மணிக்கு ஒகாடா நாற்காலியிலிருந்து எழுந்து பேனாவைத் திறந்தார். மேனேஜர் இருந்தார், நாங்கள் மூவரும் இருந்தோம்.

"முப்பது வருடத்தில் பல நாட்டில் இதே மாதிரி உலை நின்று பார்த்திருக்கிறேன்" என்றார். "கண்ணாடி அழுக்கு என்றுதான் எழுதுவார்கள். அழுக்கை யார் வைத்தார்கள் என்று எழுதியதை முதல் தடவையாகப் படிக்கிறேன்."

கையெழுத்துப் போட்டார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு பேனலைக் காட்டி, "இனி அந்த மூலை நாற்காலி எனக்கு வேண்டாம்" என்றார். மூர்த்தி வெளியே போய் நின்று மூக்கைச் சிந்தினான். மழை விட்டிருந்தது. புகைபோக்கிக்கு மேலே வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, புகை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

நான்கு மாதம் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உலையை ஓட்டுவதற்கான கையேடு, திருத்திய பதிப்பு. அறுநூறு பக்கம், எல்லாம் அவர்கள் நாட்டில் அவர்கள் எழுதியது. இனிமேல் இந்த உலை எந்த ஊரில் நின்றாலும் இதுதான் வேதம். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒகாடா ஒரு மஞ்சள் தாள் ஒட்டி அனுப்பியிருந்தார். ஃபிளேம் ஸ்கேனர் என்ற தலைப்புக்குக் கீழே புதிதாக மூன்று வரி இருந்தது. பூசை நாட்களில் ஸ்கேனரின் கண்ணாடியில் சந்தனமோ குங்குமமோ வைக்கக் கூடாது. பக்கவாட்டில் வைக்கலாம். மாட்டுமுன் தீயைக் காட்டிச் சோதிக்காமல் கையெழுத்திடக் கூடாது. அதன் ஓரத்தில் சின்ன எழுத்தில், சேர்த்தவர்: மரியநாதன், தலைமை ஆப்பரேட்டர், ஜோகூர்.

மூர்த்தி அதைப் படித்துவிட்டு, "பக்கவாட்டில் வைக்கலாம்" என்ற வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

நான் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து கெர்ட்ரூட்டுக்கு அனுப்பினேன். அவள் பதில் போடவில்லை. கேலி செய்யத்தான் நேரம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் அடுப்படியில் இருந்தாள், போன் மேசையில் கிடந்தது. கோயில் மாதர் சங்கத்து வாட்சாப் குழு திறந்திருந்தது. அந்தப் படத்தை அவள் அங்கே போட்டிருந்தாள், என் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வரைந்து. கீழே ரீத்தா என்பவர், இவர் எனர்ஜி பிளான்டில் அல்லவா வேலை செய்கிறார் என்று கேட்டிருந்தார்.

கெர்ட்ரூட் எழுதியிருந்தாள்: "இல்ல சிஸ்டர். நம்ம எல்லார் வீட்டு கக்கூஸ்ல இருந்தும் போறத எரிக்கிற எடம். எங்க வீட்டுக்காரர்தான் அங்க தலைவர்."